அரத்தில் பல் இல்லாத பக்கம்

நான் செய்த முதல் செட்டிங் லீவர் ஸ்பிரிங் (பாக்கெட் கடிகாரத்தின் ஒரு சின்ன எஃகுப் பாகம்) கடிகாரத்துக்குள் பதினொரு நாள்தான் இருந்தது. உடைந்த துண்டை லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தபோது விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. ஒல்லியான கை குறுகி உடம்போடு சேரும் இடத்தில், குறுக்கே ஒரு சின்னக் கீறல். அதைப் போட்டது என் அரம். வளைவை ராவிக்கொண்டிருந்த அரைவட்ட அரத்தின் ஓரத்துப் பல், நான் பார்க்காத நேரத்தில் பக்கத்துச் சுவரைத் தொட்டிருக்கிறது.

அந்தத் துண்டை மேசையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நான் அரம் வாங்குகிற விதமே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிழைப்புக்கு நான் செய்வது வேறு வேலை. செயற்கைப் பல் செய்யும் லேபில் 22 வருடமாக இருக்கிறேன். பகலில் கிரவுன், பிரிட்ஜ், பல் செட். இரவில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய பாக்கெட் கடிகாரங்கள். இரண்டிலும் கண்ணுக்கு ஒரே அளவு வேலைதான், ஆனால் கைக்கு வேறு வேலை. லேபில் எல்லாமே சுழலும் கருவி. சின்ன மோட்டாரின் நுனியில் டயமண்ட் பர் (வைரத் துகள் பதித்த அரைக்கும் முனை) மாட்டி, அழுத்தாமல் தடவினால் போதும். டயமண்ட் பர்ரின் கழுத்தில் வண்ண வளையம் இருக்கும். மஞ்சள் என்றால் மிக நைசு, சிவப்பு நைசு, பச்சை கரடு, கறுப்பு இன்னும் கரடு. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

அந்தப் பழக்கத்தோடு கடிகார வேலைக்கு வந்ததால் முதலில் எல்லாவற்றையும் மோட்டாரில் செய்து பார்த்தேன். சுழலும் கருவி விளிம்பை மழுக்கிவிடும். பல்லுக்கு அது நல்லது, ஏனென்றால் நாக்குக்கு உருண்டையான விளிம்புதான் பிடிக்கும். கடிகாரத்தில் ஒரு முகம் தட்டையாக வேண்டும், அடுத்த முகம் அதற்கு நேர் செங்குத்தாக வேண்டும், இரண்டும் சேரும் மூலை மூலையாகவே இருக்க வேண்டும். உள்பக்கமாக மடங்கும் கூர்மூலையைச் சுழலும் சக்கரத்தால் செய்யவே முடியாது. சக்கரத்தின் ஆரம் எப்படியும் மூலையில் பதிந்துவிடும். உயர்ந்த கடிகாரங்களின் பிரிட்ஜ்களில் (பல் பிரிட்ஜ் இல்லை, சக்கரங்களைத் தாங்கும் தகடுகள்) விளிம்பைச் சாய்த்துச் சீவியிருப்பார்கள். அந்தச் சாய்வு உள்மூலையில் கத்தி முனை மாதிரி சந்திக்கிறதா என்று பார்த்துத்தான் அது கைவேலையா இல்லையா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே அரம்தான் போக முடியும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருகிறேன். கடிகாரத்தின் கிரீடத்தை, அதாவது ஓரத்தில் உள்ள திருகுக் குமிழை, இழுத்தால் முள்ளை நகர்த்தலாம், உள்ளே தள்ளினால் சாவி கொடுக்கலாம். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே விரலுக்கு ஒரு 'டக்' தெரியும். அந்த டக்கைத் தருவது செட்டிங் லீவர் ஸ்பிரிங். அதன் கை நுனியில் இரண்டு பள்ளம் இருக்கும். செட்டிங் லீவரின் சின்ன முளை ஒரு பள்ளத்திலிருந்து மேடேறி அடுத்த பள்ளத்தில் விழும். ஒவ்வொரு முறை கிரீடத்தை இழுக்கும்போதும் அந்த ஒல்லிக் கை வளைந்து திரும்புகிறது. அதனால் பழைய கடிகாரங்களில் அடிக்கடி உடைகிற பாகங்களில் இது ஒன்று. என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவருடைய தாத்தாவின் கடிகாரம் இது. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. 0.5 மில்லிமீட்டர் கார்பன் எஃகுத் தகட்டிலிருந்து நானே வெட்டி எடுத்தேன்.

அப்போது என்னிடம் இருந்தது பன்னிரண்டு ஊசி அரங்கள் கொண்ட ஒரு செட். ஒரே உறையில் வட்டம், சதுரம், முக்கோணம், அரைவட்டம், கத்தி வடிவம் எல்லாம் இருந்ததால் இனி எதுவும் வாங்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் பன்னிரண்டுக்கும் எல்லாப் பக்கத்திலும் பல். தட்டை அரத்தின் இரண்டு முகத்திலும் பல், இரண்டு ஓரத்திலும் பல். அதைக் கொண்டு ஒரு மூலைக்குள் போனால் கீழ்முகத்தை ராவும்போது பக்கச் சுவரும் சேர்ந்து தேயும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும், அதைச் சரிசெய்ய முதலாவது கெடும். அப்படியே பாகம் சிறுத்துக்கொண்டே போகும்.

எனக்குக் கடிகார வேலை சொல்லிக்கொடுத்தவர் வயதானவர். கண் சரியில்லாமல் கடையை விட்டுவிட்டார். ஐயா என்றுதான் கூப்பிடுவேன். உடைந்த ஸ்பிரிங்கை அவரிடம் கொண்டுபோனபோது அவர் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை, அரத்தைக் கேட்டார். கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தின் மேல் ஓரத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தார். "அரம் எங்கே அறுக்கும்னு எல்லாரும் பார்ப்பாங்கம்மா. எங்கே அறுக்காதுன்னு பார்த்து வாங்கணும்" என்றார். பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு அரத்தை எடுத்துக் கையில் வைத்தார். மூன்று பக்கம் உள்ள, தட்டையாக நசுக்கின முக்கோணம் மாதிரி ஒன்று. அகலமான அடிமுகத்தில் மட்டும் பல். சாய்ந்த இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழ. அதன் பெயர் பாரட் அரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாரட் அரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் மூலை என்பது பயமில்லாத இடமானது. பல் உள்ள முகத்தைத் தரையில் வைத்துச் சுவர் வரை கொண்டுபோகலாம். சுவரைத் தொடுவது வழவழப்பான சாய்வின் மெல்லிய விளிம்பு மட்டும்தான். அது சும்மா சறுக்கும். ஸ்பிரிங்கின் பள்ளத்துக்குப் பக்கத்தில், முளை ஏறும் சரிவை ராவும்போது பக்கத்து மேடு அப்படியே இருந்தது.

பல் வெட்டாத ஓரத்துக்குப் பட்டறையில் சேஃப் எட்ஜ் என்று சொல்வார்கள். பில்லர் அரத்துக்கும் இது உண்டு. பார்க்கத் தட்டை அரம் மாதிரியே இருக்கும், ஆனால் அகலம் குறைவு, தடிமன் அதிகம், ஓரங்களில் பல் இல்லை. தடிமனாக இருப்பதால் வளையாது. நேர்க்கோட்டு விளிம்புகளுக்கு என் கை முதலில் போவது இதற்குத்தான். ஈக்வலிங் அரம் என்று இன்னொன்று உண்டு, நுனி வரை ஒரே அகலம். அதில் ஓரத்திலும் பல் இருக்கும், காடி வெட்ட அது உதவும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் எது எது என்று சட்டெனத் தெரியாது. ஓரத்தை நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

சேஃப் எட்ஜ் என்று எழுதியிருந்தாலும் அப்படியே நம்பிவிட வேண்டாம். முகத்தில் பல் வெட்டும்போது உலோகம் ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கும். அந்தப் பிசிறு ஓரத்தில் வரிசையாக நிற்கும், லூப்பில் பார்த்தால் முள்வேலி மாதிரி. புது அரம் வந்தவுடன் ஓரத்தை நைசான எண்ணெய்க்கல்லில் படுக்க வைத்து நாலைந்து முறை இழுத்துவிடுவேன். இதே முறையில், பல் உள்ள ஓரத்தைக் கல்லில் தேய்த்துப் பல்லே இல்லாமல் செய்துவிடவும் முடியும். என் பழைய பன்னிரண்டில் மூன்றை அப்படி மாற்றிவிட்டேன். அந்த அரைவட்ட அரத்தின் இரண்டு ஓரத்தையும் முதலில் கொன்றேன்.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். ரொம்பப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். நுண்ணிய அரங்களில் சுவிஸ் முறையில் எண் போடுகிறார்கள். 00 மிகவும் கரடு. அதன் பிறகு 0, 1, 2, 3, 4, 6, சில வகைகளில் 8 வரை. எண் ஏற ஏற நைசு. பெரிய பட்டறையில் சொல்லும் பாஸ்டர்ட், செகண்ட் கட், ஸ்மூத் என்பது வேறு வரிசை. அந்த ஸ்மூத்தை நம்பி ஸ்பிரிங்கைத் தொட்டால் அழுதுகொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம், ஒரே எண் எல்லா அரத்திலும் ஒரே பல் அளவு இல்லை. அரத்தின் நீளத்தோடு சேர்ந்துதான் அது மாறும். நீளமான கை அரத்தில் 2 என்பது நல்ல கரடாகத் தெரியும், குட்டி அரத்தில் அதே 2 நைசாக இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் சொல்லி வாங்கக்கூடாது, நீளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் அனுபவத்தில் கடிகார வேலைக்கு 2, 4, 6 போதும். 2 வடிவத்துக்குக் கொண்டுவர, 4 தகட்டில் கீறிய கோட்டைத் தொட, 6 கடைசிச் சில இழுப்புக்கு. 0, 1 இரண்டும் என் மேசையில் இல்லை. அந்த அளவுக்கு உலோகம் எடுக்க வேண்டியிருந்தால் நான் ரம்பத்தால் சரியாக வெட்டவில்லை என்றுதான் அர்த்தம். கோட்டுக்கு வெளியே 0.2 மில்லிமீட்டர் விட்டு வெட்டப் பழகிய பிறகு கரடு அரத்துக்கு வேலையே இல்லாமல் போனது. 6-ஐ வாங்குவதற்கு முன்னால் 4-இல் இரண்டு மூன்று வடிவம் வாங்கி வைப்பது நல்லது. நைசு வேலையை எமரி குச்சியாலும் (எமரித் தாள் ஒட்டிய மரக்குச்சி) முடிக்கலாம், ஆனால் வடிவத்தை எமரி குச்சி தராது.

கடிகார வேலைக்கென்றே எஸ்கேப்மென்ட் அரம் என்று ஒரு வகை இருக்கிறது. ஊசி அரத்தை விடச் சின்னது, மொத்தமே 14 சென்டிமீட்டர் மாதிரி இருக்கும், அதில் பல் உள்ள பகுதி இன்னும் குட்டி. பிடி சதுரம். வட்டப் பிடி விரலுக்குள் உருளும், அரத்தின் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். சதுரப் பிடியில் பிடித்தவுடன் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. லூப்பில் கண் இருக்கும்போது கைக்குத் தனியாக ஒரு அறிவு தேவைப்படுகிறது. அதைச் சதுரப் பிடி கொடுக்கிறது. இந்த அரங்களைக் கையில் எடுத்த முதல் வாரத்தில் சந்தோஷமாக இருந்தேன், பெரிய காரணம் அந்தப் பிடிதான்.

வடிவங்களில் எனக்குப் பிடித்தது கிராசிங் அரம். இருபக்கமும் வளைவு, ஆனால் ஒரு பக்கம் குறைவான வளைவு, மறுபக்கம் கூடுதல் வளைவு. சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே உள்ள இடத்தை அறுத்து எடுத்த பிறகு, வெளி வளையத்தின் உள்விளிம்பையும் ஆரக்கால் அடியையும் ராவுவதற்காக வந்தது, பெயரும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். அரைவட்ட அரத்தைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பதற்குப் பதிலாக இது ஒன்றே இரண்டு வளைவுக்கும் பொருந்தும். ஸ்பிரிங்கின் கழுத்து வளைவுக்கு இரண்டாவது முறை இதைத்தான் பயன்படுத்தினேன். வளைவை விட அரத்தின் வளைவு சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். சமமாகவோ அகலமாகவோ இருந்தால் இரண்டு ஓரமும் பதிந்து கோடு போட்டுவிடும்.

திருகாணித் தலைக் காடிக்கு வேறு ஒன்று இருக்கிறது. ஸ்க்ரூ ஹெட் அரம். நெடுக்கில் நசுங்கின சாய்சதுர வடிவம், கூரான இரண்டு விளிம்பில் மட்டும் பல். யாரோ தப்பான ஸ்க்ரூடிரைவர் போட்டுப் பிய்த்த காடியை இதால் நேராக்கலாம். கூடவே சொல்லிவிடுகிறேன், காடியை ஆழப்படுத்திக்கொண்டே போனால் தலை மெலிந்து ஒருநாள் பாதியாக உடையும். இரண்டு இழுப்பில் சரியாகவில்லை என்றால் புதுத் திருகாணி செய்வதே மேல்.

வாங்கும்போது நான் செய்யும் சோதனைகள் எல்லாம் சாதாரணம்தான். விளக்குக்கு எதிரே பிடித்து நெடுக்கே பார்ப்பேன், துடைப்பக்குச்சி மாதிரி வளைந்திருந்தால் வேண்டாம். வட்ட அரத்தைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் கோணல் உடனே தெரியும். குட்டி வட்ட அரங்களில் கோணல் ரொம்பச் சகஜம், கடினமாக்கும் சூட்டில் திருகிவிடும். பல் நுனி வரைக்கும் போகிறதா என்று லூப்பில் பார்ப்பேன், ஏனென்றால் நம் வேலை நடப்பது நுனியின் கடைசி ஒரு சென்டிமீட்டரில். நகத்தில் எடை இல்லாமல் இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் வழுக்கினால் அங்கே பல் மழுங்கியிருக்கிறது, ஓரிடத்தில் சுருக்கென்றால் ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கிறது. துருத்துகிற ஒரே ஒரு பல் மற்ற ஆயிரம் பல்லின் வேலையையும் கீறிவிடும்.

அரம் செய்கிறவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. இயந்திரம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பல்லையும் உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் வெட்டினார்கள். இங்கிலாந்தில் வாரிங்டன் ஊரில் பீட்டர் ஸ்டப்ஸ் என்பவர் 1756 முதல் 1806 வரை வாழ்ந்தார். அவருடைய அரங்களைக் கடிகாரக்காரர்கள் தேடி வாங்கினார்கள். அவர் ஒரு விடுதியும் நடத்தினார். பீர் வடித்த மண்டியை அரத்தின் பல்லில் பூசித்தான் உலைக்குள் வைப்பார்கள். அந்தப் பூச்சு பல்லின் நுனியைத் தீயிலிருந்து காக்கும், கார்பனும் கொடுக்கும். இப்போது நுண்ணிய அரம் என்றால் பலரும் முதலில் சொல்வது சுவிட்சர்லாந்தின் வலோர்ப் ஊரை. ஓர்ப் ஆற்றங்கரையில் இரும்புப் பட்டறைகளாகத் தொடங்கிய ஊர் அது. என்னிடம் உள்ள 4-ஆம் எண் பாரட் அங்கிருந்து வந்ததுதான். இன்றும் அதே கடி.

அந்தக் கடி நிலைக்கக் காரணம் அரம் மட்டும் இல்லை, அதை எதில் போட்டேன் என்பதும்தான். புது அரத்தை முதலில் பித்தளைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பித்தளைக்கு ஊசிக்கூர்மை வேண்டும், கொஞ்சம் மழுங்கினாலும் மேலே வழுக்கும். பித்தளையில் வழுக்கத் தொடங்கிய அரம் எஃகில் இன்னும் நன்றாக வேலை செய்யும். எஃகில் ஒருமுறை போட்டதைத் திரும்பப் பித்தளைக்குக் கொண்டுவர முடியாது. பித்தளை அரங்களின் பிடியில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கிறேன். லேபில் மஞ்சள் வளையம் மிக நைசு, வீட்டு மேசையில் மஞ்சள் நூல் பித்தளை. முதல் சில நாள் கை குழம்பியது, இப்போது இல்லை.

அழுத்தம் முன்னே தள்ளும்போது மட்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும், பின்னுக்கு இழுத்துத் தேய்த்தால் பல்லின் நுனி மடியும். அறுத்த துகள் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் அதுவே அடுத்த இழுப்பில் ஆழமான கோடு போடும். ராவுவதற்கு முன்னால் சாக்பீஸை முகத்தில் தடவிவிட்டால் துகள் அவ்வளவு ஒட்டாது. மாட்டிக்கொண்டதை எடுக்க எஃகுக் கம்பி பிரஷ் வேண்டாம், நைசுப் பல்லுக்கு அது முரடு. ஒரு பித்தளைத் துண்டின் விளிம்பைப் பல்வரிசை போகும் திசையிலேயே தள்ளினால், பித்தளையில் பல்லின் அச்சு விழுந்து, சீப்பு மாதிரி எல்லா இடுக்கிலும் போய் வெளியே தள்ளிவிடும். விரலால் முகத்தைத் துடைக்கும் பழக்கத்தையும் விட்டேன். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் அரம் சறுக்கும்.

கீறலின் திசைதான் என் ஸ்பிரிங்கை உடைத்தது என்று மேலே சொன்னேன் அல்லவா. வளைந்து நிமிரும் கையில் குறுக்குக் கீறல் இருந்தால் இழுவிசை எல்லாம் அந்தக் கீறலின் அடியில் கூடிக்கொள்ளும், விரிசல் அங்கே பிறக்கும். நெடுக்குக் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது. இரண்டாவது ஸ்பிரிங்கில் கையின் கடைசி வேலை முழுவதும் நெடுக்கு ராவல். அரத்தைக் குறுக்கே பிடித்து, இரண்டு கையாலும் பாகத்தின் நீளவாட்டில் தள்ளுவது. 6-ஆம் எண் பில்லர் அரத்தால் அப்படி இருபது முறை, அதற்குப் பிறகு எமரி குச்சி.

எமரி குச்சி என்றால் தட்டையான மரக்குச்சியில் எமரித் தாளை இறுக்கி ஒட்டியது. கையில் சும்மா பிடித்த தாள் விளிம்பை மழுக்கும், குச்சி மழுக்காது. இங்கேயும் எண் விஷயத்தில் கவனம் வேண்டும். P என்ற எழுத்தோடு வரும் 600-இல் துகளின் சராசரி அளவு 25.8 மைக்ரான். P இல்லாமல் அமெரிக்க முறையில் போட்ட 600-இல் 16 மைக்ரானைச் சுற்றி. அதற்குச் சமமாக P வரிசையில் தேடினால் P1200-க்குப் போக வேண்டும், அது 15.3. நான் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவைத்து, நைசு முடித்துவிட்டு மறுபடி கரடுக்குப் போய், ஏன் கோடு வருகிறது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். இப்போது குச்சியின் முதுகில் மைக்ரானில்தான் எழுதுகிறேன். லேப்பிங் ஃபிலிம் என்று வரும் பிளாஸ்டிக் தாள்களில் மைக்ரானே போட்டிருக்கும், 30, 15, 9, 3 என்று. தொந்தரவு இல்லை.

கடினமாக்கிய பிறகு கதை மாறுகிறது. காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றுத் தாண்டி, செர்ரிப்பழச் சிவப்பு வந்ததும் எண்ணெயில் போட்டுத் துவைச்சல் கொடுத்தால், எஃகு அரத்துக்கு இணையாகக் கெட்டியாகிவிடும். அப்போது பழைய அரம் ஒன்றை மெல்ல வைத்துப் பார்த்தால் கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கும். வழுக்கினால் துவைச்சல் ஏறிவிட்டது. நல்ல அரத்தை இந்தச் சோதனைக்குக் கொண்டுபோகக் கூடாது, ஒரே இழுப்பில் பல் போய்விடும். பிறகு ஸ்பிரிங்குக்குரிய பதம் வர நீல நிறம் வரைக்கும், 300 டிகிரிக்குக் கிட்டத்தட்ட, சூடாக்க வேண்டும். பித்தளைத் தூள் நிரப்பிய குட்டித் தட்டில் பாகத்தைப் புதைத்த மாதிரி வைத்துச் சூடாக்கினால் நிறம் சீராக ஏறும். அதற்காகவே பித்தளை ராவும்போது விழும் தூளை டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நீலப் பதத்தில் அரம் கொஞ்சம் கடிக்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். இங்கே டயமண்ட் அரம் உதவும். இதில் வெட்டிய பல் கிடையாது. எஃகுத் தண்டில் நிக்கல் பூச்சால் பதித்த ஒரே ஓர் அடுக்கு வைரத் துகள். லேபில் தினமும் பார்க்கிற பொருள் என்பதால் இதன் குணம் எனக்குத் தெரியும். புதிதில் ஒன்றிரண்டு துகள் உயரமாக நிற்கும், முதல் சில வேலைகளில் கீறல் ஆழமாக விழும், பிறகு அடங்கும். எனவே புது டயமண்ட் அரத்தை நல்ல பாகத்தில் தொடங்குவதில்லை. அழுத்தவும் கூடாது, அழுத்தினால் துகள் பெயர்ந்து வழுக்கைத் திட்டு விழும், திரும்ப முளைக்காது. பித்தளையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் அறுக்கும் என்பதால் கையை அதற்கேற்ப அடக்க வேண்டும். முக்கியமாக, டயமண்ட் அரங்களில் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் துகள் ஒட்டியிருக்கும். பாரட் வடிவம் என்று சொல்லிவிட்டு மூன்று பக்கமும் துகள் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். அது பாரட் அல்ல, முக்கோணம். கல்லில் தேய்த்து ஓரத்தை வழவழப்பாக்கவும் இதில் வழியில்லை. அதனால் நான் மூலைக்குள் டயமண்டைக் கொண்டுபோவதே இல்லை, அங்கே அர்கன்சாஸ் கல். முக்கோணத் துண்டாகக் கிடைக்கும் இயற்கைக் கல், மெதுவாகத்தான் எடுக்கும், மூலையைக் காப்பாற்றும்.

பிவட்டைப் பற்றி, அதாவது அச்சின் மெல்லிய முனையைப் பற்றி, ஒரு வார்த்தை, ஏனென்றால் பிவட் அரம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேலன்ஸ் ஸ்டாஃபின் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் அச்சு) பிவட் 0.1 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், கைக்கடிகாரங்களில் 0.07 கூட உண்டு. தலைமுடிக் கனம். அங்கே அரம் ஓர் இழுப்பு கூடினால் பிவட் தன்னைத் தாங்கும் கல்லின் துளையில் ஆடும். பழுதுபார்க்கும் வேலையில் பிவட் அரத்தை விட பர்னிஷர்தான் அதிகம் தேவைப்படும். அது பார்க்க அரம் மாதிரி, ஆனால் பல் கிடையாது. கெட்டி எஃகு முகத்தில் எமரி கொண்டு குறுக்கே மிக நுண்ணிய கோடுகள் போட்டிருக்கும். ஜாக்கோ கருவியில் பிவட்டைத் தாங்க வைத்து, எண்ணெய் தொட்டு, பர்னிஷரைத் தள்ளினால், மேற்பரப்பு அமுங்கி இறுகிப் பளபளக்கும். வலப்பக்கம், இடப்பக்கம் என்று தனித்தனியாக வருவது தோள்பக்க ஓரத்தின் வடிவத்துக்காக. அதைக் கேட்காமல் வாங்கினால் பாதி வேலைக்குத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

யாராவது புதிதாகத் தொடங்குகிறேன், நாலே அரம்தான் வாங்க முடியும் என்றால் நான் சொல்வது இது. 2-இல் ஒரு பில்லர், 4-இல் ஒரு பில்லர், 4-இல் ஒரு பாரட், 4-இல் ஒரு கிராசிங். வட்டமும் சதுரமும் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு இருக்கிற செட்டுக்கு ஆகும் செலவில் இந்த நாலு வராமல் போகலாம். அப்போது இரண்டு வாங்கிவிட்டுக் காத்திருங்கள். அப்புறம், மரக்கட்டையில் துளை போட்டு ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தி வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்று கிடந்தால் அரமே அரத்தை ராவும்.

இரண்டாவது ஸ்பிரிங் மூன்று இரவு எடுத்தது. பொருத்திக் கிரீடத்தை இழுத்தபோது டக் வந்தது, ஆனால் திரும்பத் தள்ளும்போது முளை மேட்டில் கொஞ்சம் தயங்கியது. கழற்றி லூப்பில் பார்த்தேன். சாவி நிலைப் பள்ளத்தின் சுவர் கொஞ்சம் அதிகச் செங்குத்தாக நின்றது. நீலம் ஏறிய பாகம், அரம் வேண்டாம். அர்கன்சாஸ் முக்கோணத்தை எண்ணெயில் தொட்டு ஐந்து இழுப்பு, பார்த்துவிட்டு இன்னும் மூன்று. மறுபடி பொருத்தினேன். தயக்கம் போய்விட்டது.

கடிகாரம் அக்காவிடம் போய் நான்கு மாதம் ஆகிறது. தினமும் சாவி கொடுக்கிறாராம், வாரம் ஒருமுறை முள்ளைச் சரி செய்கிறாராம். அந்தத் தகட்டில் இன்னும் ஒரு ஸ்பிரிங்குக்கு இடம் மிச்சம் இருக்கிறது. கோடு கீறி, துளை போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை கழுத்தின் வளைவைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கியிருக்கிறேன், கிராசிங் அரத்தின் அகலப் பக்கமே போய்வருகிற மாதிரி.